பழைய இங்கிலீஷ் ரெட்டைக்குழல் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன்ல இருக்குற நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு இப்ப க்ளே, அதாவது மேல எறியற களிமண் தட்டு, சுட ஆரம்பிச்சிருக்காங்க. பெரும்பாலும் க்ளப்புல குடுக்குற புது துப்பாக்கில, அதாவது மேல ஒண்ணு கீழ ஒண்ணுனு குழல் இருக்குறதுல கத்துக்குறாங்க, அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு பெரியவர் கையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழல் வெச்ச, மெலிசான, நூறு வருஷத்துப் பழைய துப்பாக்கிய பாத்ததும் மனசு அங்க போயிடுது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு இந்த ஆசை, இப்ப வரைக்கும் போகல. அடிக்கடி என்கிட்ட கேக்குற கேள்விகளுக்கு இங்க ஒரே இடத்துல பதில் எழுதி வெக்கிறேன். எல்லாமே 12 போர பத்தித்தான், போர்ங்கறது குழலோட உள் அளவு, எண் கூடினா குழல் சின்னது.

பழசுன்னா எவ்ளோ பழசு? எந்த காலத்து துப்பாக்கிய இப்பவும் தைரியமா சுடலாம்?

நான் பேசறது சுமாரா 1870கள்ல இருந்து ரெண்டாம் உலகப்போர் வரைக்கும் வந்தது, அதோட போருக்குப் பின்னாடி அதே முறையில செஞ்சது. இந்த துப்பாக்கியோட வடிவம் அந்த காலத்துலயே முடிவாகிடுச்சுங்க. 1875ல பர்மிங்காம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்ல வேலை பாத்த ஆன்சனும் டீலியும் பாக்ஸ்லாக்குக்கு, அதாவது சுடற பொறி இரும்பு உடம்புக்குள்ளயே அடங்கின அமைப்புக்கு, பேட்டன்ட் வாங்கினாங்க, 1880ல ஃப்ரெடரிக் பீஸ்லி தானா திறக்குற ஒரு சைட்லாக்க (பொறி பக்கவாட்டுத் தகட்டுல இருக்குறது) கண்டுபிடிச்சு பர்டி கம்பெனிக்கு உரிமைய வித்தாரு, பர்டி இன்னைக்கும் அந்த அமைப்புலதான் ரெட்டைக்குழல் செய்யுது. 1890கள் முடியறதுக்குள்ள குதிரை வெளிய தெரியாத, சுட்ட தோட்டாவ மட்டும் தூக்கி எறியற எஜெக்டர் வெச்ச துப்பாக்கி சாதாரணமா கிடைச்சுது. அதுக்கப்புறம் பெருசா மாத்த எதுவும் இல்லாம போச்சு. அதனால வயசு ஒரு பிரச்சனையே இல்ல, நிலைமைதான் எல்லாம்.

பர்டி, ஹாலண்ட், பாஸ்னு பெரிய பேருதான் வாங்கணுமா?

கண்டிப்பா இல்ல. லண்டன் பெரிய கம்பெனிகளோட சைட்லாக் ஒரு கலைப்பொருள், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல, புது பர்டி ஒண்ணு இன்னைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல போகுது. ஆனா நல்லா சுடறதுக்கு அது தேவையில்ல. அந்த காலத்துல இங்கிலாந்து முழுக்க சின்ன ஊர் கடைக்காரங்க தங்களோட பேர பொறிச்சு வித்த துப்பாக்கில நிறைய பர்மிங்காம்ல தொழில் பட்டறைங்க செஞ்சு குடுத்ததுதான். வெப்லி அண்ட் ஸ்காட் அப்படி எத்தனையோ கடைகளுக்கு செஞ்சு குடுத்துச்சு, கடைக்காரர் பேரு மேல இருக்கும், உள்ள வேலை வெப்லியோடது. அந்த மாதிரி ஒரு எளிமையான பாக்ஸ்லாக், எஜெக்டர் இல்லாதது, ஏலத்துல சில நூறு பவுண்டுக்கு இப்பவும் கிடைக்குது. வெப்லியோட 700 மாடல் போருக்குப் பின்னாடி வந்தது, எஜெக்டரோட வரும், உறுதியா இருக்கும், முதல் துப்பாக்கின்னு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது அதத்தான். பொறிப்பு வேலைப்பாட்டுக்கு பணம் குடுக்காதீங்க, குழலுக்கு குடுங்க.

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்?

முதல்ல குழலோட சுவர் கனம். இதுதான் உயிர். நூறு வருஷமா உள்ள துரு எடுத்து எடுத்து பாலிஷ் போட்டு, வெளியில பள்ளத்த தட்டி எடுத்து மெருகேத்தி, இரும்பு தேஞ்சுக்கிட்டே வந்திருக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்குற குழல்தான் சில சமயம் ரொம்ப தேஞ்சதா இருக்கும். இத அளக்க தனி கேஜ் இருக்கு, விக்கிறவர்கிட்ட கேளுங்க, இல்லன்னா துப்பாக்கி பழுது பாக்குற ஒரு கன்ஸ்மித்த கூட்டிட்டு போங்க. மெலிசான இடத்துல 20 தௌ, அதாவது ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 20 பங்கு, இதுக்கு கீழ போனா வேணாம்னு தொழில்ல பொதுவா சொல்லுவாங்க. இது சட்டம் இல்ல, ஆனா நல்ல அளவுகோல். எந்த இடத்துல மெலிசு அப்படிங்கறதும் முக்கியம், சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) பக்கத்துல மெலிசா இருந்தா அது வேற கதை, வாய்க்கிட்ட இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கலாம்.

அடுத்து குழலும், அது வந்து மூடுற இரும்பு உடம்பான ஆக்‌ஷனும் ஒட்டி உக்காருதான்னு பாருங்க. குழலுக்கு அடியில இருக்குற முன்கட்டைய கழட்டிட்டு, துப்பாக்கிய மூடி, தோள்ல வெக்கிற கட்டையோட கழுத்த பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா கீல் பக்கம் தேஞ்சிருக்கு. சரி பண்ணலாம், செலவு ஆகும், அத விலைல கழிச்சுப் பேசுங்க. அப்புறம் குழல மட்டும் தனியா எடுத்து அடியில இருக்குற கொக்கில தொங்கவிட்டு விரல் நகத்தால சுண்டுங்க. கணீர்னு நின்னு ஒலிச்சா நடுவுல ரெண்டு குழலையும் சேக்குற பட்டை, அதாவது ரிப், நல்லா பத்த வெச்ச மாதிரியே இருக்கு, சத்தம் மழுங்கினா எங்கயோ விட்டுப் போயிருக்கு, அந்த இடைவெளில தண்ணி போய் உள்ளுக்குள்ள துரு பிடிச்சிருக்கும்.

கட்டை. ஆக்‌ஷன் இரும்பு வந்து சேர்ற இடத்துல மரம் கருப்பா, மெத்துன்னு இருந்தா வருஷக்கணக்கா எண்ணெய் ஊறியிருக்கு, அங்கதான் விரிசல் வரும். குழல்ல ஸ்லீவ்ட்னு முத்திரை இருந்தா பழைய அடிப்பகுதில புது குழல் பொருத்தியிருக்காங்கன்னு அர்த்தம். சேகரிக்கிறவங்களுக்கு அது பிடிக்காது, அதனால விலை குறையும், ஆனா சுடறவனுக்கு அது ஒரு வரம்னுதான் சொல்லுவேன், நல்ல புது இரும்பு, பழைய கை அடக்கம்.

ப்ரூஃப் மார்க்க எப்படி படிக்கிறது?

குழல கழட்டி அடிப்பக்கம் தட்டையா இருக்குற இடத்த பாருங்க. லண்டன் ப்ரூஃப் ஹவுஸ் 1637ல சாசனம் வாங்கின கன்மேக்கர்ஸ் கம்பெனியோடது, பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1813ல பார்லிமென்ட் சட்டத்துல வந்தது. ரெண்டுல ஏதாவது ஒண்ணு சாதாரண தோட்டாவ விட அதிக அழுத்தம் குடுக்குற தோட்டாவ வெடிச்சுப் பாத்து தாங்கினா முத்திரை குத்தும். தேஞ்சு போய் அந்த ப்ரூஃப் செல்லாம போன துப்பாக்கிய பிரிட்டன்ல விக்கிறது குற்றம், அதனால நல்ல கடைக்காரங்க இதுல கவனமா இருப்பாங்க.

1887ல இருந்து 1925 வரைக்கும் வந்ததுல டைமண்ட் கட்டத்துக்குள்ள 12ம் அதுக்கு கீழ சி எழுத்தும் இருக்கும். அதுல சேம்பர் நீளம் எழுதியிருக்காது, அளந்துதான் பாக்கணும். நைட்ரோ ப்ரூஃப் (புகையில்லா மருந்துக்கு சோதிச்சது) 1⅛ அவுன்ஸ்னு எழுதியிருந்தா அது ரவையோட, அதாவது தோட்டாவுக்குள்ள இருக்குற சின்ன குண்டுங்களோட, உச்ச எடை. 1954 விதிக்கு அப்புறம் 2½ இஞ்ச், .729, 3 டன்னு மூணு தகவலும் இருக்கும்: சேம்பர் நீளம், குழலோட உள்விட்டம், ஒரு சதுர இஞ்சுக்கு தாங்குற அழுத்தம். .729னு குத்தினது இப்ப அளந்தா .740 வந்துச்சுன்னா உள்ளுக்குள்ள அவ்ளோ தேஞ்சு போச்சு, பழைய ப்ரூஃப் செல்லாது, மறுபடி ப்ரூஃப்க்கு அனுப்பித்தான் ஆகணும். சில துப்பாக்கில உருண்டைக் குண்டுக்கு அல்லனு இங்கிலீஷ்ல குத்தியிருப்பாங்க, அது 1875ல இருந்து 1887 வரைக்கும் சோக் வெச்ச, அதாவது வாய்ப்பக்கம் குறுக்கின, குழலுக்கு போட்ட முத்திரை, அத பாத்தாலே காலம் பிடிபட்டுடும்.

எந்த தோட்டா போடணும்? கடைல கிடைக்குறதெல்லாம் உள்ள போகுதே?

உள்ள போறதுதாங்க ஆபத்தே. தோட்டாவோட மேல எழுதியிருக்குற நீளம் சுட்டதுக்கு அப்புறம் விரிஞ்ச நீளம். பழைய துப்பாக்கில பெரும்பாலும் 2½ இஞ்ச் சேம்பர், அதாவது 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டா வாய் மடிச்ச நிலைல அத விட சின்னதாத்தான் இருக்கும், சுலபமா உள்ள போகும், துப்பாக்கியும் எந்த தடங்கலும் இல்லாம மூடும். வெடிச்ச உடனே வாய் விரிய இடம் இல்லாம சேம்பருக்கு முன்னாடி குறுகுற இடத்துக்குள்ள நுழையும், ரவை போற வழி சுருங்கும், அழுத்தம் ஏறும். ஒரே நாள்ல குழல் வெடிக்கணும்னு இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த பழைய இரும்பையும் கட்டையையும் போட்டு உதைக்கிறீங்க. அதனால பெட்டில 65 மில்லிமீட்டர் சேம்பருக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்குறத மட்டும் வாங்குங்க, ஈலி, கேம்போர், ஹல் எல்லாருமே செய்யறாங்க.

எடை விஷயத்துல பழைய ஆளுங்க சொல்லி வெச்ச ஒரு கணக்கு இருக்கு, பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச க்ரீனர் பரப்பினது: துப்பாக்கி எடை ரவை எடையோட 96 மடங்கு இருக்கணும். 1¹⁄₁₆ அவுன்ஸ், அதாவது 30 கிராமுக்கு போட்டுப் பாத்தா 6 பவுண்ட் 6 அவுன்ஸ் வருது, இங்கிலீஷ் கேம் கன்னோட (பறவை வேட்டை துப்பாக்கி) எடை சரியா அங்கதான் நிக்குது. அதுக்கு மேல 32, 36 கிராம்னு ஏத்தினா தோளும் தாடையும்தான் வாங்கும், குறி ஒண்ணும் அதிகமாகாது. க்ளேக்கு நான் 24 இல்ல 28 கிராம் போடறேன், அதுவே தாராளம். தோள் வலிக்குதுன்னு ரப்பர் பேட் தேடறதுக்கு முன்னாடி லேசான தோட்டாவ போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். 20 போர் தோட்டாவ 12 போர் இருக்குற பையில ஒருநாளும் கலக்காதீங்க. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள்ள வழுக்கிப் போய் கொஞ்ச தூரத்துல சிக்கிக்கும், சேம்பர் காலியா தெரியும், அதுக்கு பின்னாடி 12 போட்டு சுட்டா குழல் கைகிட்டயே வெடிச்சிடும்.

டமாஸ்கஸ் குழல சுடலாமா?

அந்த வரி வரியான அலை அழகு இரும்பையும் எஃகையும் சேத்து முறுக்கி பத்த வெச்சதால வர்றது. நைட்ரோ ப்ரூஃப் முத்திரை இருந்து, சுவர் கனம் இருந்து, ஒரு கன்ஸ்மித் பாத்து சரின்னு சொன்னா சுடலாம், இங்கிலாந்துல நிறைய பேரு சுடறாங்க. கருமருந்துக்கு மட்டும் ப்ரூஃப் ஆனதுல இப்போதைய தோட்டா போடவே கூடாது.

ஈயத்துக்கு தடை வருதே, இந்த துப்பாக்கிங்க கதி?

இங்கிலாந்துல ஈரநிலத்துலயும் நீர்ப்பறவைக்கும் ஈயம் 1999லயே போச்சு. 2020ல வேட்டை அமைப்புகளே சேர்ந்து அஞ்சு வருஷத்துல விட்டுடுவோம்னு சொன்னாங்க, 2025ல அரசாங்கம் மூணு வருஷ மாற்றக் காலத்தோட தடை கொண்டு வரப் போறதா அறிவிச்சுது. ஸ்டீல் ரவை கடினம், பழைய மெலிசான குழலுக்கும் இறுக்கமான சோக்குக்கும் அது ஒத்துவராது, நான் போட மாட்டேன். நமக்கு வழி பிஸ்மத். அடர்த்தி 9.6 சுமார், ஈயம் 11.3, ஸ்டீல் 7.8, அதனால ஈயத்துக்கு கிட்டத்தட்ட வரும், மிருதுவாவும் இருக்கும். விலைதான் கடிக்குது. ரவை சைஸ் ஒண்ணு பெருசா எடுத்துக்கோங்க. நல்லது நடக்கணும்னா தடை வேணும்னுதான் நானும் நினைக்கிறேன், வாத்துங்க ஈயத்த முழுங்கி சாகறத யாரும் நியாயப்படுத்த முடியாது.

க்ளப் துப்பாக்கில நல்லா அடிக்கிறேன், இதுல எல்லாம் மிஸ் ஆகுதே, ஏன்?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், துப்பாக்கிய குறை சொல்லி விக்கிறவங்களும் இந்த இடத்துலதான் விட்டுட்டுப் போறாங்க. க்ளே துப்பாக்கி 8 பவுண்டுக்கு பக்கம், எடை முன்னாடி இருக்கும், ஒரு தடவை ஆட்டம் ஆரம்பிச்சா தானா ஓடிட்டே இருக்கும், நீங்க நிறுத்தினாத்தான் நிக்கும். இது 6½ பவுண்ட், எடை ரெண்டு கைக்கு நடுவுல கீல் பக்கத்துல உக்காந்திருக்கு, நீங்க சொன்னா உடனே திரும்பும், நீங்க தயங்கினா அதுவும் உடனே நின்னுடும். முக்கால்வாசி மிஸ் அப்படி நின்னு போறதாலதான். குறி வெச்சு, முனையப் பாத்து, தட்டுக்கும் முனைக்கும் இடைவெளி அளந்து சுடற பழக்கம் இருந்தா இது உங்கள தண்டிக்கும்.

என்ன செய்யணும்னா, கண்ண தட்டுல வெச்சுட்டு எடுக்காதீங்க, குழல பாக்கவே பாக்காதீங்க, குழல் அங்க ஒரு மங்கலான நிழலா கீழ இருக்கட்டும். துப்பாக்கி செஞ்சு வித்த ராபர்ட் சர்ச்சில் 25 இஞ்ச் குழல் வெச்ச துப்பாக்கிய பிரபலமாக்கினவரு, அவரோட முறையே இதுதான், பறவைய பாரு, கை தானா போகும், இடைவெளிய மூளை பாத்துக்கும். பெர்சி ஸ்டான்பரி வேற மாதிரி, எடைய எப்பவும் முன்காலுல வெச்சு, உடம்பு இடுப்புல இருந்து திரும்பணும்னு சொல்லிக் குடுத்தாரு, அவரு சுட்டது 30 இஞ்ச் குழல். ரெண்டு பேரும் ஒத்துப் போற ஒரு இடம், கட்டை தோளுக்கு வர்ற அந்த கணம். தலைய கீழ இறக்கி கட்டைய தேடக்கூடாது, கட்டைதான் கன்னத்துக்கு மேல வரணும், கன்னத்துல தொட்ட உடனே சுட்டுடணும். தொட்டதுக்கு அப்புறம் சரி பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா தட்டு போயிடும்.

இடது கை. புது துப்பாக்கில முன்கட்டை தடிப்பா இருக்கும், அங்க பிடிச்சு பழகியிருப்பீங்க. இதுல முன்கட்டை ஒரு சின்ன மரச்சில்லு, அது பிடிக்குறதுக்கு இல்ல, குழல கோத்து வெக்கிறதுக்கு. கைய இன்னும் முன்னாடி நீட்டி குழலையே பிடிங்க, ஆள்காட்டி விரல் போற திசையில நீண்டு இருக்கட்டும், கோலாட்டத்துல ரெண்டு கையும் சேந்து கோல ஆட்டற மாதிரி ரெண்டு கைக்கும் சம வேலை இருக்கணும். நிறைய சுட்டா குழல் சூடாகி கை சுடும், அதுக்குன்னு தோல் உறை விக்கிறாங்க, வாங்கிக்கோங்க.

பயிற்சி வீட்டுலயே பண்ணலாம். துப்பாக்கி காலியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்னாப் கேப் (வெடிக்காத டம்மி தோட்டா) போட்டு, சுவரும் கூரையும் சேர்ற கோட்டோட முனைய ஓட்டிக்கிட்டே தோளுக்கு கொண்டு வந்து பழகுங்க, தினம் கொஞ்ச நேரம், மெதுவா. சும்மா சுட்டுத் தள்றத விட இது எனக்கு அதிகம் குடுத்திருக்கு.

எனக்கு அளவா இருக்கான்னு எப்படி தெரியும்?

இந்த துப்பாக்கிங்க ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் உடம்புக்கு அளந்து செஞ்சதுங்க, அந்த ஒருத்தர் நீங்க இல்ல. கட்டை நீளம் சாதாரணமா 14½ல இருந்து 15 இஞ்ச், உயரம் குறைவானவங்களுக்கு 14¼ கூட போதும். சரிவு, பக்கவாட்டு வளைவுனு இன்னும் ரெண்டு இருக்கு, வலது தோளுக்கு கட்டை கொஞ்சம் வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கும்.

நல்ல வழி, ஒரு ஃபிட்டர்கிட்ட போய் ட்ரை கன்ல அளவெடுக்குறது, கட்டைல திருகு வெச்சு எல்லா பக்கமும் மாத்துற துப்பாக்கி அது. அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சோதனை பண்ணலாம்: 16 கஜ தூரத்துல வெள்ளையடிச்ச இரும்புத் தட்டுல ஒரு புள்ளி வெச்சு, குறி பாக்காம, சட்டுனு தோளுக்கு கொண்டு வந்து சுடுங்க, சில தடவை. கூட்டமா எங்க விழுதுன்னு பாருங்க. புள்ளில இருந்து ஒவ்வொரு இஞ்ச் விலகலுக்கும் கட்டைய 1/16 இஞ்ச் மாத்தணும். கண்ல இருந்து முனைக்கு சுமாரா ஒரு கஜம், தட்டு 16 கஜம், அதனாலதான் அந்த கணக்கு வருது. வால்நட் கட்டைய சூடு பண்ணி வளைக்க நல்ல கன்ஸ்மித்தால முடியும், அதுக்கு ஆகுற செலவு புது தோட்டா, புது ஜாக்கெட் எல்லாத்தையும் விட உங்க அடிய கூட்டும்.

சுடறப்ப பக்கத்துப் பக்க குழல் லேசா கீழ வளையும், அதனால கட்டை கொஞ்சம் உயரமா இருந்தாத்தான் நடுவுல விழும், இது தெரியாம உயரமா இருக்கேன்னு சீவிடாதீங்க.

ரெண்டு ட்ரிகர் குழப்புதே?

முன் ட்ரிகர் வலது குழல், விரிவான சோக். பின் ட்ரிகர் இடது, இறுக்கம். உங்க கிட்ட வர்ற பறவைக்கு பின்னத முதல்ல இழுக்கலாம், விலகிப் போறதுக்கு முன்னது முதல்ல, அந்த நொடியிலயே சோக்க தேர்ந்தெடுக்குற வசதி வேற எதுல இருக்கு? கழுத்து நேரா இருக்குறதாலதான் கை பின்னாடி வழுக்கி ரெண்டாவதுக்கு போகுது, விரல மட்டும் மடக்காதீங்க, முழு கையும் நகரணும். பழைய ஒத்த ட்ரிகர் துப்பாக்கி அழகா இருக்கும், பழுதானா சரி பண்றது கஷ்டம், விலகி இருங்க.

சோக் எவ்ளோ வேணும்?

பழைய பர்மிங்காம் துப்பாக்கில பல நேரம் இடது குழல் ஃபுல் சோக்கா இருக்கும். 40 கஜத்துல 30 இஞ்ச் வட்டத்துக்குள்ள ஃபுல் சோக் 70 சதம் ரவைய போடும், இம்ப்ரூவ்ட் சிலிண்டர், அதாவது லேசான சோக், 50. நாம க்ளே சுடற தூரம் பெரும்பாலும் 25, 30 கஜம்தான், அங்க ஃபுல் சோக்க விட இம்ப்ரூவ்ட் மேல். எழுதியிருக்குறத நம்பாதீங்க, யாரோ நடுவுல திறந்துவிட்டிருப்பாங்க, உங்க தோட்டாவ போட்டு தட்டுல சுட்டு எண்ணிப் பாருங்க.

எப்படி வெச்சுக்கறது?

சுட்டு முடிச்ச அன்னைக்கே குழல் சுத்தம் பண்ணி லேசா எண்ணெய் துணி. எண்ணெய் அதிகம் வேணாம். முனைய கீழ வெச்சு நிறுத்தினா எண்ணெய் கட்டைக்குள்ள ஊறாது. லாக்க நீங்களா கழட்டாதீங்க, அந்த திருகுங்க கையால பொருத்தினது, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வெச்சா தலை நசுங்கிடும். சீசன் முடிஞ்சதும் வருஷம் ஒரு தடவை கன்ஸ்மித்துகிட்ட குடுத்து உள்ள சுத்தம் பண்ணி வாங்குங்க. மழைல நனைஞ்சா ஹீட்டர் பக்கத்துல வெக்காதீங்க, மரம் சுருங்கும்.

ஊர்ல தாத்தா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, சுடலாமா?

இந்தியால வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டை கிடையாது, அதனால சுடறதுன்னா ரேஞ்சுல க்ளே மட்டும்தான். லைசன்ஸ் உங்க பேருக்கு மாறியிருக்கணும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது, பரம்பரையா வந்ததும் அந்த கணக்குலதான் சேரும். பீரோல வருஷக்கணக்கா இருந்த துப்பாக்கில உடனே தோட்டா போடாதீங்க, சேம்பர் நீளம் அளக்காம கண்டிப்பா போடாதீங்க.

நான் வலது கைக்காரன், ஆனா இடது கண்தான் பலம். என்ன பண்றது?

பழைய ஆளுங்க குறுக்கா வளைஞ்ச கட்டை செஞ்சு வலது தோள்ல வெச்சு இடது கண்ணால பாத்தாங்க, அப்படி ஒண்ணு ஏலத்துல வரும்போது மலிவா கிடைக்கும், ஆனா பழகறது சிரமம். இள வயசா இருந்தா இடது தோளுக்கு மாறிடுங்க. இல்லன்னா கண்ணாடியோட இடது பக்கத்துல சின்னதா ஒரு டேப் துண்டு ஒட்டுங்க, ரிப்ப பாக்குற நேரத்துல மட்டும் மறைக்கிற இடமா பாத்து, மத்தபடி ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும்.